'கேம் ஓவர்' காணாமல் போன கதை

2014 பிப்ரவரி மாதம். வியட்நாமின் ஹனோய் நகரத்தைச் சேர்ந்த டோங் நுயென் என்ற இளைஞர் ட்விட்டரில் ஒரு செய்தி போட்டார். இன்னும் 22 மணி நேரத்தில் தன்னுடைய 'ஃபிளாப்பி பேர்ட்' விளையாட்டை எடுத்துவிடப் போவதாகவும், இதற்கு மேல் தன்னால் தாங்க முடியாது என்றும் எழுதியிருந்தார். சொன்னபடியே எடுத்தும் விட்டார்.

அப்போது அந்த விளையாட்டு பல நாடுகளில் ஆப் ஸ்டோரின் முதல் இடத்தில் இருந்தது. 5 கோடி தடவைக்கு மேல் டவுன்லோட் ஆகியிருந்தது. விளம்பரத்தில் மட்டும் ஒரு நாளைக்கு 50,000 டாலர் வருகிறது என்று பத்திரிகைகள் எழுதின. ஏன் எடுத்தீர்கள் என்று ஃபோர்ப்ஸ் பத்திரிகை கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எளிமையானது. ஓய்வாக இருக்கும்போது சில நிமிடம் ஆடுவதற்காகத்தான் அதைச் செய்தாராம். அது மக்களை அடிமையாக்கும் பொருளாக ஆகிவிட்டதாம்.

வியாபாரம் கொழிக்கும்போது யாராவது கடையைச் சாத்துவார்களா? அன்றைக்குப் பலரும் அவரை விநோதமாகத்தான் பார்த்தார்கள்.

வீடியோ கேமை நிறுத்த முடியவில்லை என்றால் வழக்கமாக ஆடுபவருக்குத்தான் திட்டு விழும். 'மனக்கட்டுப்பாடு இல்லை', 'பொறுப்பு இல்லை' என்பார்கள். ஆனால் வீடியோ கேமின் 50 வருட வரலாற்றைக் கல்லாப்பெட்டியின் பக்கம் இருந்து பார்த்தால் வேறு ஒரு விஷயம் தெரிகிறது. விற்பவருக்குக் காசு எந்த வழியில் வருகிறதோ, அதற்குத் தகுந்த மாதிரிதான் ஆட்டம் முடிகிற இடமும் மாறி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஆட்டமே ஆளை வெளியே தள்ளியது. இப்போது ஆள்தான் ஆட்டத்திலிருந்து தன்னைப் பிய்த்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

சில்லறைக் காலம்

1972-ல் அமெரிக்காவில் நோலன் புஷ்நெல்லும் டெட் டாப்னியும் சேர்ந்து அடாரி கம்பெனியை ஆரம்பித்தார்கள். அவர்களுடைய என்ஜினியர் அல் ஆல்கார்ன் செய்த விளையாட்டு 'பாங்'. திரையில் இரண்டு கோடுகள், நடுவில் ஒரு பந்து. அவ்வளவுதான். அதன் முதல் மாதிரி மெஷினைக் கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் மெஷின் வேலை செய்யவில்லை என்று கடையிலிருந்து போன் வந்தது. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால் கோளாறு ஒன்றும் இல்லை. 25 சென்ட் காசுகள் நிரம்பி வழிந்து மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது!

இந்தக் காசுதான் அடுத்த பத்து வருட விளையாட்டுகளின் குணத்தைத் தீர்மானித்தது. கணக்கு இதுதான்: மெஷின் ஒன்று, வரிசையில் நிற்பவர்கள் பத்துப் பேர். ஒருவர் ஒரு காசு போட்டு ஒரு மணி நேரம் ஆடினால் முதலாளிக்கு நஷ்டம். 2, 3 நிமிடத்தில் தோற்றுப் போனால் லாபம். ஆனால் ரொம்பச் சீக்கிரம் தோற்றால் வெறுத்துப் போய் திரும்ப வரமாட்டார். 'இன்னும் கொஞ்சம் கவனமாக ஆடியிருந்தால்...' என்ற நினைப்போடு தோற்க வேண்டும். பழகுவதற்கு எளிதாக, கை தேர்வதற்குக் கடினமாக இருப்பதுதான் நல்ல ஆட்டம் என்று புஷ்நெல்லின் பெயரில் இன்றும் ஒரு விதி சொல்வார்கள். அது இந்த வியாபாரத்தில் பிறந்த விதி.

1978-ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனிக்காகத் தோமோஹிரோ நிஷிகாடோ செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனது. திரையில் 55 எதிரிகள் மெதுவாக இறங்கி வருவார்கள். அவர்களைச் சுடச் சுட மீதி இருப்பவர்களின் வேகம் கூடும். இது திட்டம் போட்டுச் செய்தது இல்லை. படங்கள் குறைந்ததும் சிப்புக்கு வேலை குறைந்து, திரை வேகமாக ஓடியது. அது நன்றாக இருக்கிறதே என்று நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார். கூடவே அதுவரை எடுக்கப்பட்ட அதிகபட்ச ஸ்கோரும் மேலே தெரியும். தோற்று வெளியே போகிறவர் கண்ணில் கடைசியாகப் படுவது அந்த நம்பர்தான்.

ஆடுபவர்களும் சும்மா இருக்கவில்லை. 1979-ல் வந்த 'ஆஸ்டெராய்ட்ஸ்' விளையாட்டில் ஒரே ஒரு பாறையை மட்டும் உடைக்காமல் விட்டு, வரும் பறக்கும் தட்டுகளை மட்டும் சுட்டுப் புள்ளி சேர்க்கும் தந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒற்றைக் காசில் மணிக்கணக்காக ஆட்டம் ஓடியது. மெஷின் வைத்திருந்தவர்கள் அலறினார்கள். 1981-ல் வந்த 'ஆஸ்டெராய்ட்ஸ் டீலக்ஸ்'-ல் அந்த ஓட்டையை அடாரி அடைத்தது. அதாவது அந்தக் காலத்தில் ஒருவர் நீண்ட நேரம் ஆடினால் கவலைப்பட்டது விற்பவர்தான்!

'ஆஸ்டெராய்ட்ஸ்' செய்தவர்களில் ஒருவரான எட் லாக், 1985-ல் 'காண்ட்லெட்' என்ற விளையாட்டைச் செய்தார். அதில் ஆடுபவரின் உயிர்ச்சக்தி ஒரு எண்ணாகத் தெரியும். சும்மா நின்றாலும் அது குறைந்துகொண்டே போகும். இன்னொரு காசு போட்டால் ஏறும். பார்க்கிங் மீட்டர் மாதிரி! தோற்றால் முடிந்தது என்ற எல்லை அங்கே ஆட்டம் கண்டது. ஆனாலும் பையில் சில்லறை தீர்ந்தால் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். கடையும் இரவில் பூட்டப்படும்.

ஒரு தடவை விற்றால் போதும்

1980-களில் விளையாட்டு வீட்டுக்குள் வந்தது. நின்டெண்டோவின் ஃபாமிகாம் 1983-ல் ஜப்பானில் வெளியானது. இங்கே காசு வருவது கேட்ரிட்ஜ் வாங்கும்போது ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு வாங்கியவர் 2 மணி நேரம் ஆடினாலும் 200 மணி நேரம் ஆடினாலும் கம்பெனிக்கு ஒன்றுதான். சீக்கிரம் முடித்தால் அடுத்ததை வாங்குவார் என்பதால் முடிவதில் லாபமும் உண்டு. 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' இளவரசியை மீட்டதும் நிறைவடைந்தது. நாவல் படித்து முடிப்பது போல விளையாட்டையும் 'முடித்துவிட்டேன்' என்று சொல்ல முடிந்த காலம் அது.

அப்படியானால் எல்லாப் பழியும் வியாபாரத்தின் மேலா? இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. அதன் பெயர் 'டெட்ரிஸ்'.

1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாடமியின் கணிப்பு மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ், எலெக்ட்ரானிகா 60 என்ற கம்ப்யூட்டரில் டெட்ரிஸை எழுதினார். அந்த கம்ப்யூட்டரில் படம் போடும் வசதி கூடக் கிடையாது. அடைப்புக்குறிகளை வைத்துத்தான் கட்டங்களைக் காட்டினார். விற்கிற எண்ணமும் இல்லை, விற்க அங்கே சந்தையும் இல்லை. அவருக்கு ராயல்டி வர ஆரம்பித்ததே 1996-ல் தான். ஆனால் எழுதியவராலேயே அதை நிறுத்த முடியவில்லை. நண்பர்களுக்குக் கொடுத்த பிரதிகள் கை மாறி மாறி ஊர் முழுக்கப் பரவின.

டெட்ரிஸில் ஒரு வரிசையைச் சரியாக நிரப்பினால் அது மறைந்துவிடும். செய்து முடித்த வேலை எதுவும் கண்ணில் நிற்காது. தப்பாக வைத்த கட்டைகளும் நிரப்பாத ஓட்டைகளும் மட்டும் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கும். 1928-லேயே மரியா ஓவ்சியான்கினா என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தினால், திரும்பச் செய் என்று யாரும் சொல்லாவிட்டாலும் பெரும்பாலோர் தாங்களே போய் அதைத் தொடர்கிறார்கள் என்று கண்டார். டெட்ரிஸ் முழுக்க முழுக்கப் பாதியில் நிற்கும் வேலை.

2000-ம் ஆண்டு ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவர் குழுவினரும் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். டெட்ரிஸ் ஆடியவர்களுக்குத் தூக்கம் வரும் நேரத்தில் கட்டைகள் விழுவது போலத் தெரிந்தது. அவர்களில் சிலர் மூளைப் பாதிப்பால் புதிய நினைவுகளைச் சேர்த்துவைக்க முடியாதவர்கள். ஆடியதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. அவர்களில் சிலருக்கும் கட்டைகள் தெரிந்தன!

ஆக, இழுக்கும் சக்தி விளையாட்டிலேயே, மனித மனத்திலேயே இருக்கிறது. அதை எந்தக் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் டெட்ரிஸில் கட்டைகள் உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்துவிடும். வெளியே போக ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவு அடைபட்டது பிறகுதான்.

மாதச் சந்தா

1990-களின் கடைசியில் இன்டர்நெட் வழியாக ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஆடும் விளையாட்டுகள் பெரிய வியாபாரமாயின. 1997-ல் 'அல்டிமா ஆன்லைன்', 1999-ல் 'எவர்க்வெஸ்ட்', 2004-ல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. இவற்றுக்கு மாதா மாதம் பணம் கட்ட வேண்டும்.

இப்போது கணக்கு தலைகீழாகிவிட்டது. ஒருவர் விளையாட்டை 'முடித்துவிட்டால்' அடுத்த மாதம் சந்தா வராது. அதனால் முடிவே இல்லாத உலகம் தேவைப்பட்டது. எவர்க்வெஸ்டில் ஒரு அபூர்வமான வாளுக்காக, எப்போது வரும் என்று தெரியாத ஒரு பூதத்துக்கு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். அது வந்தாலும் வாளைத் தரும் என்று நிச்சயம் இல்லை. ஆடியவர்களே அதைப் போதை மருந்தின் பெயரோடு சேர்த்து 'எவர்கிராக்' என்று கிண்டலாக அழைத்தார்கள்.

நிச்சயமில்லாத பரிசு ஏன் இப்படிக் கட்டிப் போடுகிறது? ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு விடை இருக்கிறது. புறாக்கள் ஒரு பொத்தானைக் குறிப்பிட்ட எண்ணிக்கை கொத்தினால் தானியம் விழும் என்று வைத்தபோது, தானியம் கிடைத்ததும் அவை கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தன. எத்தனை கொத்துக்கு விழும் என்பதை மாற்றிக்கொண்டே இருந்தபோது அந்த ஓய்வு ஏறக்குறைய காணாமல் போனது. அடுத்த கொத்திலேயே கிடைக்கலாமே! நிறுத்துவதற்கு 'இதுதான் சரியான நேரம்' என்று ஒரு இடமே இல்லை.

இதில் ஒரு பக்கம் மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. வார்கிராஃப்டைச் சோதனை செய்த காலத்தில், ரொம்ப நேரம் ஆடினால் கிடைக்கும் புள்ளி பாதியாகக் குறையும்படி பிளிஸார்ட் கம்பெனி வைத்துப் பார்த்தது. ஆடியவர்கள் கொதித்துப் போனார்கள். உடனே கம்பெனி பெயரை மட்டும் மாற்றியது. பாதி என்பது 'வழக்கமான' புள்ளி ஆனது, முழுமை என்பது ஓய்வெடுத்து வருபவர்களுக்கு 'இரட்டிப்பு போனஸ்' ஆனது. எண்கள் கிட்டத்தட்ட அதே எண்கள்தான். எல்லோருக்கும் சந்தோஷம்! 2010-ல் வார்கிராஃப்டின் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டார்கள்.

இலவசம் என்ற விலை

அடுத்த திருப்பம் இலவசம். ஃபேஸ்புக்கில் 2009 ஜூனில் சிங்கா கம்பெனி 'ஃபார்ம்வில்' விளையாட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் மாதத்துக்கு 8 கோடிப் பேருக்கு மேல் ஆடினார்கள். விதை போட வேண்டும், போய்விட்டுத் திரும்பி வந்து அறுக்க வேண்டும். ஸ்ட்ராபெர்ரிக்கு 4 மணி நேரம். நேரத்துக்கு வராவிட்டால் பயிர் வாடிப் போகும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் காசு கொடுக்கலாம்.

இதைக் கிண்டல் செய்ய நினைத்தார் அமெரிக்கப் பேராசிரியர் இயன் போகோஸ்ட். 2010-ல் அவர் செய்த 'கவ் கிளிக்கர்' விளையாட்டில் ஒரே ஒரு பசு படம். 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைக் கிளிக் செய்யலாம். வேறு ஒன்றும் கிடையாது. காசு கொடுத்தால் 6 மணி நேரத்துக்கு முன்பே கிளிக் செய்யலாம், வேறு நிறப் பசு வாங்கலாம். கிண்டல் என்று தெரிந்தும் 50,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். சிலர் காசும் கொடுத்தார்கள். வெறுத்துப் போன போகோஸ்ட் 2011 செப்டம்பரில் எல்லாப் பசுக்களையும் திரையிலிருந்து மறைய வைத்தார். அதற்குப் பிறகும் சிலர் பசு நின்ற காலி இடத்தைக் கிளிக் செய்துகொண்டிருந்தார்கள்.

2012-ல் கிங் கம்பெனியின் 'கேண்டி க்ரஷ்' வந்தது. 5 உயிர். ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் ஒன்று போகும், 30 நிமிடத்தில் ஒன்று திரும்பி வரும். இங்கே பழைய 'கேம் ஓவர்' திரும்பி வந்த மாதிரி தெரியும். ஆனால் அது வேறு வேஷம். நிறுத்தச் சொல்வதற்காக அது வைக்கப்படவில்லை, அந்த நிறுத்தத்தைத் தாண்டிப் போவதை விற்பதற்காக வைக்கப்பட்டது.

கடைசி அட்டையின் கணக்கு

ஜப்பானில் இதைவிடக் கூர்மையான ஒரு முறை ஓடியது. காசு போட்டுத் திருகினால் ஏதோ ஒரு பொம்மை விழும் கடைத்தெரு மெஷினின் பெயரால் அதற்கு 'காச்சா' என்று பெயர். மொபைல் விளையாட்டுகளில் காசு கொடுத்தால் ஏதோ ஒரு அட்டை கிடைக்கும். 'கொம்பு காச்சா' முறையில் ஒரு தொகுதி அட்டைகள் முழுவதையும் சேர்த்தால்தான் பெரிய பரிசு.

ஒரு தொகுதியில் 6 அட்டை, எல்லாவற்றுக்கும் சமமான வாய்ப்பு என்று வைத்துக்கொண்டாலே கணக்கு சுவாரசியமாக இருக்கும். முதல் அட்டைக்கு ஒரு தடவை போதும். இரண்டாவதற்குச் சராசரியாக 1.2 தடவை, மூன்றாவதற்கு 1.5, நான்காவதற்கு 2, ஐந்தாவதற்கு 3, ஆறாவதற்கு 6. மொத்தம் 14.7. முதல் ஐந்து அட்டைக்கு ஆன செலவில் பாதிக்கும் மேல் கடைசி ஒன்றுக்கு மட்டும் ஆகும். '5 கிடைத்துவிட்டது, ஒன்றுதானே பாக்கி' என்று தோன்றும் அந்த இடம்தான் மிக அதிகமாகச் செலவாகும் இடம். போட்ட காசு வீணாகக் கூடாதே என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். போன காசு போனதுதான், இனிப் போடுவதை மட்டும் கணக்குப் பார் என்று காமர்ஸ் வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். இரவு 1 மணிக்கு அது யாருக்கும் ஞாபகம் வராது!

2012 மே மாதத்தில் ஜப்பான் அரசின் நுகர்வோர் விவகார முகமை, பரிசுப் பொருள்களை ஒழுங்குபடுத்தும் 1962-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கொம்பு காச்சா குற்றம் என்று அறிவித்தது. அறிவிப்பு வரப்போகிறது என்ற செய்திக்கே கிரீ, டி.என்.ஏ. கம்பெனிகளின் பங்கு விலை ஒரே நாளில் 20 சதவீதம் அளவுக்கு விழுந்தது. வருமானத்தில் எவ்வளவு பங்கு அந்தக் 'கடைசி அட்டை'யிலிருந்து வந்தது என்று பங்குச்சந்தைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் சாதாரண காச்சாவுக்குத் தடை இல்லை. அது உலகம் முழுக்கப் பரவியது. 2018-ல் பெல்ஜியம், காசு கொடுத்து வாங்கும் இப்படிப்பட்ட 'லூட் பாக்ஸ்'களைச் சூதாட்டம் என்று அறிவித்தது.

பூட்டு யார் கையில்?

கதவு இல்லாத இடத்தில் கதவு வைக்க அரசாங்கங்களும் முயன்றன. 2005-ல் தென்கொரியாவின் டேகு நகரில் ஒரு இன்டர்நெட் மையத்தில் 50 மணி நேரம் அளவுக்குத் தொடர்ந்து ஆடிய 28 வயது இளைஞர் ஒருவர் இறந்து போனார். 2011 நவம்பரிலிருந்து அங்கே 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் விளையாட்டு ஆடத் தடை வந்தது. 'சிண்ட்ரெல்லா சட்டம்' என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு நுழைந்தார்கள். ஆட்டமும் மொபைலுக்கு மாறிவிட்டது. 2022 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டம் இல்லை.

சீனா 2019-ல் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சாதாரண நாளில் 90 நிமிடம் என்று வைத்தது. 2021-ல் அதை வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டும் என்று இறுக்கியது. 2019 விதியால் அளவுக்கு மீறி ஆடுவது குறைந்ததற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2023-ல் வெளியான ஒரு ஆய்வு சொன்னது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 'விளையாட்டுக் கோளாறு' என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு போய், மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளி, கெடுதல் தெரிந்தும் தொடர்ந்து, வாழ்க்கையைப் பெரிதாகப் பாதிக்க வேண்டும். பொதுவாக 12 மாதமாவது அப்படி இருக்க வேண்டும். ஆகவே ஆடுகிற எல்லோரும் நோயாளி இல்லை. ஆனால் இந்த விளக்கம் முழுக்க ஆடுபவரைப் பற்றியது. ஆட்டம் எப்படிக் கட்டப்பட்டது என்பது அதில் கேள்வியாகவே இல்லை. சட்டங்களும் பெரும்பாலும் ஆடுபவரின் நேரத்தைத்தான் பூட்டின.

டோங் நுயென் விஷயம் இங்கேதான் முக்கியமாகிறது. ஃபிளாப்பி பேர்டில் ஒரு ஆட்டம் சில விநாடிகளில் முடியும். 'கேம் ஓவர்' என்று பெரிதாகத் திரையிலேயே வரும். ஆனால் காசு போட வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், ஒரு தட்டு தட்டினால் அடுத்த ஆட்டம். வருமானம் விளம்பரத்தில் என்பதால் எவ்வளவு நேரம் திரையில் இருக்கிறார்களோ அவ்வளவு லாபம். பழைய மெஷினில் ஆளை நிறுத்திய காசு இங்கே இல்லை. ஆடுபவர்களால் நிறுத்த முடியவில்லை என்று தெரிந்ததும், நிறுத்தக்கூடிய ஒரே ஆள் நிறுத்தினார். அதே ஆண்டு ஆகஸ்டில் பலர் சேர்ந்து ஆடும் ஒரு வடிவத்தை டி.வி. பெட்டிக்கு மட்டும் வெளியிட்டார். 2024-ல் வேறு சிலர் அந்தப் பெயரைக் கைப்பற்றி 'ஃபிளாப்பி பேர்ட் திரும்பி வருகிறது' என்று அறிவித்தபோது, தனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, தான் எதையும் விற்கவில்லை என்று எழுதினார்.

எல்லாக் கம்பெனியும் நுயென் மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரு விளையாட்டை டவுன்லோட் செய்யும் முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இதற்குக் காசு எந்த வழியில் வருகிறது? இது எங்கே முடிகிறது? இரண்டாவதற்குப் பதில் கிடைக்காவிட்டால், முடிவு என்ற ஒன்றை அதைச் செய்தவர்கள் வைக்கவே இல்லை என்று அர்த்தம். அதை வைக்க வேண்டியது ஆடுபவர்தான். அது ஆட்டத்துக்கு நடுவில் வைக்கக் கஷ்டம், ஆரம்பிக்கும் முன் வைப்பது கொஞ்சம் சுலபம்.